ஜீப்பின் ஆட்டமும் ஒரு துண்டு ரப்பரும்: எஞ்சின் மவுண்டிங்கின் வரலாறு

ஜீப் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது என்ன? மலைப்பாதை, கித்தான் கூரை, நான்கு சக்கரங்களுக்கும் பாயும் இழுவிசை... கூடவே உடம்பைக் குலுக்கி எடுக்கும் அந்த ஆட்டமும் நினைவுக்கு வரும். பழைய ஜீப்பில் ஏறி இறங்கியவர்கள், "அது ஜீப், அப்படித்தான் ஆடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த வாசகத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி, எஞ்சினுக்குக் கீழே ஒளிந்திருக்கும் உள்ளங்கை அளவு ரப்பர் துண்டு ஒன்றைப் பற்றிய அறியாமை.

அந்தத் துண்டின் பெயர் எஞ்சின் மவுண்டிங். பட்டறைகளில் மவுண்டிங் ரப்பர் என்றும் சொல்வார்கள். எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் பாகம் இது. இணைக்கிறது, அதே நேரத்தில் பிரித்தும் வைக்கிறது! எஞ்சினின் எடையைத் தாங்க வேண்டும். ஆனால் எஞ்சினின் நடுக்கத்தை சேசிஸுக்குக் கடத்தக் கூடாது. இந்த இரட்டை வேலையைச் செய்யும் பாகத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் அமெரிக்கப் பொறியாளர்கள் வருகிறார்கள், உலகப் போர் வருகிறது, மலாயாவின் ரப்பர் காட்டில் பால் வெட்டிய நம் தமிழர்களும் வருகிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

எஞ்சின் ஏன் நடுங்குகிறது?

வரலாற்றுக்குள் போகும் முன் கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது மற்ற இரண்டும் கீழே வருகின்றன. அப்படியானால் ஒன்றை ஒன்று சமன் செய்து விட வேண்டும் அல்லவா? முழுதாகச் செய்வதில்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் மேல் முனையில் திரும்பும் வேகமும் கீழ் முனையில் திரும்பும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. இந்தச் சிறு வேறுபாடு, எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு முறை மேலும் கீழுமாக ஓர் உதைப்பை உண்டாக்குகிறது. இங்கிலாந்துப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு எதிராகச் சுழலும் தண்டுகளை வடிவமைத்தார். ஆனால் செலவு அதிகம் என்பதால் அது நெடுங்காலம் பரவவில்லை.

இரண்டாவது காரணம், எரிபொருள் வெடிப்பு. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று என்ற கணக்கில் ஐடிலில் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். அதாவது வினாடிக்கு 10 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 2 வெடிப்பு. ஆக வினாடிக்கு 20 முறை எஞ்சின் முறுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே தண்டு ஒரு பக்கம் திரும்ப, எஞ்சினின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, பாடப் புத்தகத்தை விட்டு வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது!

இரும்போடு இரும்பு

ஆரம்ப காலக் கார்களில் இந்த நடுக்கத்தைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக் கொள்ளவில்லை. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் எஞ்சின் நேரடியாக சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. முன்னால் ஓரிடம், பின்னால் இரு கைகள் என மூன்று புள்ளிகளில்தான் எஞ்சினைத் தாங்கினார்கள்.

ஏன் மூன்று? நான்கு கால் நாற்காலி மேடு பள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. அதே கணக்குதான். அன்றைய அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகள் வெறும் மண் பாதைகள். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் சட்டம் முறுக்கிக் கொள்ளும். எஞ்சினை நான்கு மூலைகளிலும் இறுக்கிக் கட்டியிருந்தால், முறுக்கிக் கொள்ளும் சட்டம் எஞ்சினையும் சேர்த்து முறுக்கி வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். மூன்று புள்ளித் தாங்கலில் அந்த ஆபத்து குறைவு. இன்றும் பல ஜீப்புகளின் எஞ்சின் மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எஞ்சினைத் தாங்குவது எப்படி என்பது தெரிந்துவிட்டது. நடுக்கத்தைத் தடுப்பது எப்படி என்பதுதான் பாக்கி.

1931: மிதக்கும் எஞ்சின்

1930களின் தொடக்கம். அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. கார் வாங்க ஆளில்லை. மலிவு விலைக் கார்ச் சந்தையில் செவ்ரோலே 1929-லேயே ஆறு சிலிண்டருக்கு மாறிவிட்டது. கிரைஸ்லர் நிறுவனத்தின் மலிவுக் காரான பிளைமவுத் நான்கு சிலிண்டரோடு நின்றது. ஆறு சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே மென்மையாக ஓடும். நான்கு சிலிண்டர் நடுங்கும். என்ன செய்வது?

எஞ்சினை மாற்றுவதற்குப் பதில் அது உட்காரும் இடத்தை மாற்றினார்கள் கிரைஸ்லர் பொறியாளர்கள். 1931-ல் வந்த பிளைமவுத் பிஏ மாடலில் எஞ்சினை இரண்டு ரப்பர் தாங்கிகளில் உட்கார வைத்தார்கள். ஒன்று முன்னால் உயரமாக, மற்றொன்று பின்னால் தாழ்வாக. இரண்டையும் இணைத்து ஒரு கற்பனைக் கோடு போட்டால் அது எஞ்சினின் ஈர்ப்பு மையம் வழியாகப் போகும். எஞ்சின் அந்தக் கோட்டைச் சுற்றித் தொட்டில் போல ஆடிக் கொள்ளலாம். அளவுக்கு மீறி ஆடாமல் தடுக்கப் பக்கவாட்டில் ஒரு பட்டை ஸ்பிரிங். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃப்ளோட்டிங் பவர்', அதாவது மிதக்கும் ஆற்றல்.

இதில் இருக்கும் தத்துவத்தைக் கவனியுங்கள். எஞ்சினை ஆடாமல் கட்டிப்போட முயலவில்லை. 'நீ ஆடிக்கொள், ஆனால் உன் ஆட்டம் உன்னோடு இருக்கட்டும்' என்று விட்டுவிட்டார்கள். அதுவரை இருந்த சிந்தனைக்கு இது நேர் எதிர்.

வால்டர் கிரைஸ்லர் ஒரு புதிய பிளைமவுத்தைத் தானே ஓட்டிக் கொண்டு போட்டியாளரான ஹென்றி ஃபோர்டின் இடத்துக்கே போய், அவரையும் அவர் மகன் எட்சலையும் ஏற்றிச் சுற்றிக் காட்டி, காரை அங்கேயே பரிசாக விட்டுவிட்டு டாக்சியில் திரும்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள். பிளைமவுத் அந்த ஆண்டே அமெரிக்க விற்பனையில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1932-ல் இதன் உரிமத்தை வாங்கித் தன் கார்களில் பயன்படுத்தியது. அலுங்காமல் நீரில் மிதக்கும் அன்னப்பறவை ஒன்றைத் தன் சின்னத்தோடு சேர்த்துக் கொண்டது.

ஒரு சின்ன விஷயம். எஞ்சினை ரப்பரில் வைத்தவுடன் இன்னொரு சிக்கல் முளைத்தது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது! ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினில் இருக்கிறது, பேட்டரியின் எர்த் சேசிஸில் இருக்கிறது. நடுவில் ரப்பர். எனவே எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கப் பின்னல் செப்புப் பட்டை ஒன்று தேவைப்பட்டது. இன்றும் உங்கள் வண்டியில் அந்த எர்த் பட்டை இருக்கும்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது?

இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலையான பொருளாக மாறும் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு ரப்பரின் தேவை ஏறிக்கொண்டே போனது. ஆனால் மரங்கள் இருந்தது பிரேசிலின் அமேசான் காட்டில்.

1876-ல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அங்கே தாவரவியல் பூங்காவைக் கவனித்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கார்கள் பெருகிய 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின.

தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! கங்காணி முறையில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல்கள் பினாங்குக்குப் போயின. சீனர்களும் மலாய் மக்களும் சிறு தோட்டங்கள் வைத்திருந்தார்கள் என்றாலும், ஐரோப்பியர்களின் பெருந்தோட்டங்களில் விடியற்காலையில் விளக்கோடு போய்ப் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1930களில் உலகத்தின் ரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும்தான் வந்தது. அமெரிக்கக் கார் வாசகர் ஒருவர் 'என்ன மென்மை!' என்று வியந்தபோது, அந்த மென்மையின் ஒரு முனை ஏதோ ஒரு தோட்ட லயத்தில் இருந்தது. மிதக்கும் எஞ்சினின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த முனையைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

போரும் ஜீப்பும்

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இழுவை வண்டி வேண்டும் என்று கார் நிறுவனங்களைக் கேட்டது. பாண்டம் என்ற சின்ன நிறுவனம் செப்டம்பரிலேயே முதல் மாதிரியைக் கொண்டு வந்து நிறுத்தியது. ஆனால் பெரிய ஒப்பந்தம் வில்லீஸ் ஓவர்லேண்டுக்குப் போனது. காரணம், பார்னி ரூஸ் மெருகேற்றிய அதன் 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் எஞ்சின். அதே வடிவத்தை ஃபோர்டும் தயாரித்தது. போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து முடித்தார்கள்.

அந்த வில்லீஸ் எம்பி ஜீப்பில் எஞ்சின் மூன்று ரப்பர் தாங்கிகளில் நின்றது. முன்னால் இருபுறமும் இரண்டு, பின்னால் கியர் பாக்ஸுக்குக் கீழே ஒன்று. அதோடு ஒரு கம்பி வடமும் இருந்தது. எஞ்சின் முன்னும் பின்னும் நகர்ந்துவிடாமல் பிடித்து வைக்கும் வடம் அது. ரப்பரை மட்டும் நம்பாமல் ஒரு கயிற்றையும் கட்டி வைத்தார்கள் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

சாதாரணக் காரைவிட ஜீப்பின் மவுண்டிங்குக்கு வேலை அதிகம். எப்படி? எம்பி ஜீப்பில் முதல் கியர் எஞ்சினின் முறுக்கு விசையை ஏறத்தாழ 2.67 மடங்கு பெருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை 'லோ'வில் போட்டால் இன்னொரு 1.97 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 5.25 மடங்கு! எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் ஒரே உடலாகப் பிணைந்திருப்பதால், சக்கரங்களுக்குப் போகும் அந்த ஐந்தே கால் மடங்கு முறுக்கின் எதிர்விசையை அந்த மூன்று ரப்பர்களும்தான் வாங்கிக் கொள்ள வேண்டும். சேற்றில் சிக்கிய ஜீப்பை லோ கியரில் வெளியே இழுக்கும்போது நாம் சக்கரத்தையே பார்க்கிறோம். உண்மையான மல்யுத்தம் பானட்டுக்குக் கீழே நடக்கிறது.

ஜீப் உற்பத்தி சூடுபிடித்த அதே நேரத்தில் ரப்பர் மறைந்து போனது. 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவுக்கு வந்து கொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நின்று போனது. பழைய டயர்களையும் ரப்பர் காலணிகளையும் மக்களிடமிருந்து சேகரித்தார்கள். டயர் தேயக் கூடாது என்பதற்காகவே பெட்ரோலுக்கு ரேஷன், மணிக்கு 35 மைல் வேகக் கட்டுப்பாடு. இன்னொரு பக்கம் செயற்கை ரப்பர் தொழிற்சாலைகள் முளைத்தன. 1941-ல் சில ஆயிரம் டன்னாக இருந்த உற்பத்தி 1945-ல் 7 லட்சம் டன்னைத் தாண்டியது.

தோட்டங்களில் இருந்த தமிழர்கள் என்ன ஆனார்கள்? ரப்பரை வாங்க ஆளில்லை, வேலை இல்லை, அரிசி இல்லை. பல்லாயிரக்கணக்கானவர்களை ஜப்பானியர்கள் சயாம் - பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றார்கள். 1943 அக்டோபரில் அந்த 415 கிலோமீட்டர் பாதை முடிந்தபோது, காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டவர்கள் போக மீண்டவர்கள்தான் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அதை மரண ரயில் பாதை என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

1971: ரப்பர் அறுந்தபோது

எஞ்சின் மவுண்டிங் தேய்ந்தால் என்ன, கொஞ்சம் ஆடும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு வரலாற்று நிகழ்வு.

1960களின் இரண்டாம் பாதியில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த செவ்ரோலே கார்கள் சிலவற்றில், எஞ்சின் மவுண்டிங்கில் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்தது. பொதுவாக, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சினின் இடப்பக்கம் மேலே எழும்பும், வலப்பக்கம் கீழே அமுங்கும். ஆகவே இடப்பக்க மவுண்டிங்தான் இழுபட்டு அறும். அறுந்ததும் எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிக் கொண்டது. தூக்கும்போது ஆக்சிலேட்டர் இணைப்பைத் தன்னோடு இழுத்தது. அதாவது ஓட்டுநர் காலை எடுத்தாலும் கார் வேகமெடுக்கும்! பிரேக்குக்கு உதவும் வெற்றிடக் குழாயும் கழன்று போகக்கூடும். வேகம் கூடும், பிரேக் கல்லாகும். நினைத்துப் பாருங்கள்.

புகார்கள் குவிந்தன. பத்திரிகைகள் எழுதின. ரால்ஃப் நேடர் போன்ற நுகர்வோர் உரிமைப் போராளிகள் அழுத்தம் கொடுத்தார்கள். கடைசியில் 1971 டிசம்பரில் நிறுவனம் ஏறத்தாழ 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதுவரை நடந்த திரும்ப அழைப்புகளில் அதுதான் மிகப் பெரியது.

தீர்வு என்ன தெரியுமா? எஞ்சின் தூக்கிக் கொள்ளாமல் பிடிக்க ஒரு கம்பி வடம்! திசைதான் வேறு, எண்ணம் 1941 ஜீப்பில் இருந்த அதே எண்ணம். அதன் பிறகு வந்த மவுண்டிங்குகளில், ரப்பர் முழுதாகப் பிய்ந்தாலும் இரு இரும்புப் பாகங்கள் ஒன்றை ஒன்று கொக்கி போலப் பிடித்துக் கொள்ளும் அமைப்பு பரவியது. ரப்பர் ஒருநாள் அறும் என்பதை ஏற்றுக் கொண்டு வடிவமைப்பது என்ற பாடத்தைத் தொழில்துறை இப்படித்தான் கற்றுக் கொண்டது.

நம் ஊர் ஜீப்

போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் விட்டுச் சென்ற ஜீப்புகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. 1945-ல் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது நிறுவனம், பங்குதாரரான குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதி அமைச்சரானதும், 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. 1940களின் இறுதியில் வில்லீஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய அந்நிறுவனம், பல பத்தாண்டுகள் அதே அடிப்படை வடிவத்தில் வண்டிகளைச் செய்தது.

ஒரு பெரிய மாற்றம் மட்டும் நடந்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, டீசல் எஞ்சின் உள்ளே வந்தது. 1980களில் வந்த எம்எம் 540 போன்ற வண்டிகளில் பெஜோ வடிவமைத்த 2112 சிசி டீசல் எஞ்சின். பழைய வில்லீஸ் பெட்ரோல் எஞ்சினின் அழுத்த விகிதம் 6.48 தான். டீசலில் அது 20-க்கும் மேல். ஒவ்வொரு வெடிப்பும் சம்மட்டி அடி. எடையும் அதிகம். பெட்ரோல் எஞ்சினுக்காகப் பிறந்த ஒரு குடும்பத்து வண்டியில், டீசலின் அடியை வாங்கும் பொறுப்பு அதே சின்ன ரப்பர்களின் தலையில் விழுந்தது. 'ஜீப் என்றால் ஆடும்' என்ற நம் ஊர் வாசகம் அழுத்தமாகப் பதிந்ததில் இந்த டீசலுக்குப் பெரிய பங்குண்டு என்பது என் எண்ணம்.

தேனி மாவட்டத்தில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தினமும் காலையில் ஏலத்தோட்ட வேலைக்காக ஜீப்புகள் மலையேறிக் கேரளாவுக்குப் போகின்றன. பெரும்பாலும் பெண்கள். நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு வளைவுகளில் போய் மாலையில் திரும்புவார்கள். அந்த வண்டிகளில் பல வயதானவை. மலாயாவுக்குக் கப்பலேறிய தோட்டத் தொழிலாளரும் ஏல மலைக்கு ஜீப் ஏறும் தொழிலாளரும் வெவ்வேறு காலத்தவர்கள். ஆனால் எஞ்சின் மவுண்டிங்கின் கதையில் இருவருக்கும் இடம் இருக்கிறது. ஒருவர் ரப்பர் கொடுத்தார், மற்றவர் உயிரை அதன் மேல் வைத்துப் பயணம் செய்கிறார்.

தேய்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரப்பருக்குப் பகை நான்கு: வெப்பம், காற்று, எண்ணெய், காலம். இயற்கை ரப்பரில் எஞ்சின் ஆயில் பட்டால் ஊறி உப்பிப் போகும். வெப்பத்திலும் காற்றிலும் நாளாக நாளாக இறுகி, வெடிக்கும்.

ரப்பர் இறுகினால் வண்டி ஏன் ஐடிலில் அதிகம் குலுங்குகிறது? மெத்தென்ற ரப்பரில் நிற்கும் எஞ்சினுக்கு இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு. அது வெடிப்பு வேகத்தைவிட நன்றாகக் குறைவாக இருந்தால்தான் நடுக்கம் தடுக்கப்படும். ரப்பர் இறுக இறுக அந்த இயல்பு வேகம் ஏறி, ஐடிலின் வினாடிக்கு 20, 25 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயர உயரப் போகும் அல்லவா, அதே கதை. அதனால்தான் ஐடிலில் பல்லை ஆட்டும் ஜீப், ரேஸ் கொடுத்ததும் அமைதியாகிறது.

ரப்பர் பிய்ந்துவிட்டால் அறிகுறிகள் வேறு. கிளட்ச் விடும்போது 'டொக்' என்ற சத்தம், கியர் ராடு முன்னும் பின்னும் குதிப்பது, ஃபேன் ரேடியேட்டரில் உரசுவது, சைலன்சர் குழாய் அடிக்கடி விரிசல் விடுவது. இவற்றில் சைலன்சரை மட்டும் வெல்டிங் வைத்துக் கொண்டே இருப்பவர்கள் உண்டு. நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

மாற்றுவது எப்படி?

இது பெரிய பட்டறை வேலை அல்ல; ஆனால் கவனம் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஜாக்கியை ஆயில் சம்ப்பில் நேரடியாக வைக்கக் கூடாது, தகடு நசுங்கும். நடுவில் அகலமான மரக்கட்டை வைத்து, மவுண்டிங் மேல் இருக்கும் எடை நீங்கும் அளவுக்கு மட்டும் எஞ்சினைத் தூக்க வேண்டும். தூக்கும்போது ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கிறதா, ஹோஸ் இழுபடுகிறதா, கிளட்ச் இணைப்பு மடங்குகிறதா என்று பார்த்துக் கொண்டே தூக்க வேண்டும். தூக்கிய எஞ்சினுக்குக் கீழே கையை விடும் முன், ஜாக்கியைத் தவிர வேறொரு தாங்கலும் இருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்தான். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்திவிடக் கூடாது. புதியது மெத்தென்றும் பழையது இறுகியும் இருந்தால் எடை கோணலாக விழும், புதியது சீக்கிரம் கெடும். முன்னால் இரண்டு, பின்னால் கியர் பாக்ஸுக்குக் கீழே இருப்பது என முழு செட்டையும் மாற்றுவதே சரி. எல்லா போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகப் பூட்டி, எஞ்சினை இறக்கி, அதன் எடை ரப்பரில் படிந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரப்பர் முதல் நாளே முறுக்கிக் கொண்டு நிற்கும். கடைசியாக எர்த் பட்டையைப் பாருங்கள். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைப் பொசுக்கிவிடும். எண்ணெய்க் கசிவு இருந்தால் அதையும் அடைத்துவிட்டுத்தான் புது ரப்பர் போட வேண்டும்.

செலவு குறைய வேண்டும் என்று பழைய டயரை வெட்டி வைப்பவர்கள் உண்டு. டயர் ரப்பர் சாலையில் தேயாமல் இருப்பதற்காகச் செய்தது, உள்ளே நூல் பின்னல் வேறு. அது எடையைத் தாங்கும், நடுக்கத்தைத் தடுக்காது. 1908-க்குத் திரும்பிப் போவதற்குச் சமம்!

முடிவாக

1980களில் உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங்குகள் கார்களில் பரவின. 2003-ல் ஹோண்டா, நடுக்கத்தை உணர்ந்து எதிர்நடுக்கம் தரும் மவுண்டிங்கை இன்ஸ்பயர் காரில் வைத்தது. மின்சாரக் கார்களில் வெடிப்பே இல்லை. ஆனாலும் மோட்டாரின் கீச்சொலியைத் தடுக்க அங்கும் ரப்பர் தாங்கிகள் இருக்கின்றன. இத்தனை செயற்கைப் பொருட்கள் வந்த பிறகும், திரும்பத் திரும்ப அமுங்கி எழும் உழைப்புக்கு இயற்கை ரப்பரையே இன்றும் பெரிதும் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். எஞ்சின் மவுண்டிங் தேய்வது அதன் குறையல்ல, அதன் வேலை. இரும்பு வாங்க வேண்டிய அடியையும், நம் முதுகெலும்பு வாங்க வேண்டிய அடியையும் அது வாங்கிக் கொண்டு தேய்கிறது. தன் காலம் முடிந்ததும் மாற்றுங்கள் என்று ஆட்டத்தின் மூலம் சொல்கிறது. 1971-ல் அதைக் கேட்காதபோது என்ன நடந்தது என்று பார்த்தோம். பழைய ஜீப் ஒன்று அதிகமாக ஆடினால், "வயதாகிவிட்டது, காயலான் கடைக்குப் போடலாம்" என்று முடிவெடுக்கும் முன், பானட்டைத் தூக்கி டார்ச் அடித்து அந்த மூன்று ரப்பர்களையும் ஒரு முறை பாருங்கள். வயதானது ஜீப்புக்கு அல்ல, அவற்றுக்கு மட்டுமாக இருக்கலாம்.